ஆர்.சி.ஏ.ஏ.பி.: போர்ச்சுகலின் ஆய்வுக் களஞ்சியம் – டர்பனிலிருந்து ஒரு வாசகியின் மதிப்பீடு

வேலையிடத்தில் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பது பற்றி உருப்படியாக எங்கே படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, கொஞ்ச காலமாக நான் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறேன். ஆர்.சி.ஏ.ஏ.பி. என்ற சுருக்கப் பெயரில் இயங்கும் போர்ச்சுகல் நாட்டின் திறந்த ஆய்வுக் களஞ்சியம் அது. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களும் பாலிடெக்னிக்குகளும் சேர்த்து வைத்திருக்கும் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் ஒரே தேடல் பெட்டியில் தேடித் தருகிறது. கட்டணம் கிடையாது. படிக்கக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. லிஸ்பன் பேராசிரியருக்கு என்ன கிடைக்கிறதோ அதேதான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் கிடைக்கிறது.

டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இயந்திர உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலைவாய்ப்புச் சமத்துவக் குழுவின் கூட்டங்களை நடத்துவதும் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. எங்கள் தாய் நிறுவனம் லிஸ்பனில் இருக்கிறது. அங்கிருந்து ஆண்டுதோறும் ஒரு சமத்துவத் திட்டம் வரும். அழகாக அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பின்னால் என்ன யோசனை, எந்த ஆய்வு, யார் போட்ட சண்டை என்று அதில் ஒரு வரி இருக்காது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் களஞ்சியத்துக்குப் போனேன். டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடமாகப் படித்த கடைசித் தலைமுறையில் நானும் ஒருத்தி. படித்ததைத் தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு அது முழுதாகப் புரியும். அதனால்தான் இந்த மதிப்பீடு தமிழில்.

முதலில் சேவை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். இது 2008-இல் தொடங்கியது. அதற்கு முன்பே, 2003-இல், வட போர்ச்சுகலின் மின்யு பல்கலைக்கழகம் தன் ஆய்வுகளை எல்லாரும் படிக்கும்படி திறந்துவிட்டிருந்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் நாடு முழுவதற்குமான இந்த வலை எழுந்தது. 2013-இல் சட்டம் ஒன்று வந்து, முதுகலை, முனைவர் பட்ட ஆய்வேடுகளை இந்த வலையமைப்பில் உள்ள ஏதாவது ஒரு களஞ்சியத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. இதன் பலன் பெரியது. பெயர்பெற்ற பேராசிரியரின் கட்டுரைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு நகரப் பாலிடெக்னிக்கில் இரவு வகுப்புக்குப் போன ஒரு செவிலியரின் ஆய்வேடும் கிடைக்கிறது. எனக்கு அந்த இரண்டாவது வகைதான் அதிகம் பயன்பட்டது.

தேடல் எளிது. ஆண்டு, ஆய்வின் வகை, எந்தக் களஞ்சியம், திறந்திருக்கிறதா இல்லையா என்று சல்லடை போடலாம். சில ஆய்வேடுகளுக்குக் குறிப்பிட்ட காலம் வரை தடை இருக்கும்; தலைப்பும் சுருக்கமும் மட்டும் தெரியும். மொழிதான் பெரிய தடை. பெரும்பாலானவை போர்த்துக்கீசியத்தில் எழுதப்பட்டவை. ஆனால் சுருக்கமும் குறிச்சொற்களும் அநேகமாக ஆங்கிலத்திலும் இருக்கும் என்பதால் ஆங்கிலத்தில் தேடினாலும் பலவும் சிக்கும். சுருக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுத்து, வேண்டிய அத்தியாயத்தை மட்டும் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் எங்கள் மபூட்டோ கிளையில் இருக்கும் தோழியிடம் கேட்பேன். மொசாம்பிக்காரி, போர்த்துக்கீசியத்தில் பள்ளிப் படிப்பு படித்தவள். அவள் உதவி இல்லாமல் நீளமான பேட்டிப் பகுதிகளை நான் நம்பிப் படிக்க மாட்டேன். பேச்சுவழக்கில் ஒரு பெண் தன் மேலாளரைப் பற்றிச் சொல்வதைக் கணினி பல நேரம் கோட்டைவிடும்.

இனி உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வருகிறேன். நான் எதிர்பார்க்காத செழிப்பு அங்கேதான் இருந்தது.

போர்ச்சுகலில் இந்த ஆய்வுகள் பெருகியதில் சட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1976-இல் எழுதிய அரசமைப்பின் 13-ஆம் பிரிவு எல்லாரும் சமம் என்கிறது. 1979-இல் வேலையில் சமத்துவத்தைக் கவனிக்கத் தனி ஆணையம் அமைத்தார்கள். அதே ஆண்டில் மரியா டி லூர்டெஸ் பின்டசில்கு நாட்டின் முதல் பெண் பிரதமரானார். வேதியியல் பொறியாளராகத் தொழில் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் அவர். 2006-இல் தேர்தல் வேட்பாளர் பட்டியல்களில் ஆண், பெண் இரு பாலாருக்கும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் என்று வந்தது. 2019-இல் அதை 40 விழுக்காடாக உயர்த்தினார்கள். 2017-இல் வந்த சட்டம், பங்குச்சந்தையில் உள்ள நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு முதலில் 20 விழுக்காடு, 2020 முதல் மூன்றில் ஒரு பங்கு என்று குறைந்தபட்ச எல்லை வைத்தது. எங்கள் மேசைக்கு வரும் ஆண்டுத் திட்டமும் அந்தச் சட்டத்தின் பிள்ளைதான். 2018-இல் சம ஊதியச் சட்டம். 2019-இல் அரசுத் துறைகளின் உயர் பதவிகளுக்கும் அரசுப் பல்கலைக்கழக நிர்வாகத்துக்கும் 40 விழுக்காடு.

ஒவ்வொரு சட்டம் வந்ததும், "சரி, இது நடந்ததா?" என்று கேட்டு ஒரு மாணவர் கூட்டம் கிளம்பியிருக்கிறது. சாரா ஃபால்கவ் கசாகா போன்ற பொருளியல் சமூகவியலாளர்கள் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்திருக்கிறார்கள். எண்ணிக்கையைத் தொடுவதற்காகப் பெண்களை அன்றாட அதிகாரம் இல்லாத இருக்கைகளில் உட்காரவைப்பது எளிது, நிர்வாகப் பொறுப்புள்ள இருக்கைகள் மெதுவாகத்தான் மாறுகின்றன என்பது இந்த வகை எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கவலை. டர்பனில் எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்தவள் என்பதால் எனக்கு இது புதுச் செய்தி இல்லை. ஆனால் அதை ஆதாரத்தோடு, சட்டத்தின் எந்தச் சொல் அதற்கு இடம்கொடுத்தது என்று காட்டிச் சொல்வது புதிது.

என்னை அதிகம் உலுக்கியது லிஜியா அமான்சியுவின் சிந்தனை. லிஸ்பனில் பணியாற்றிய சமூக உளவியலாளர். ஆண்களுக்குரியதாக நாம் நினைக்கும் குணங்களும் முழு வளர்ச்சி பெற்ற ஒரு மனிதருக்குரியதாக நினைக்கும் குணங்களும் ஒன்றாகவே இருக்கின்றன என்கிறார். ஆணைச் சொன்னால் பொதுவான மனிதர். பெண்ணைச் சொன்னால் பெண். அவளுடைய குணங்கள் வீடு, உறவு, பராமரிப்பு என்று ஒரு எல்லைக்குள் மட்டும் மதிக்கப்படுகின்றன. இதை அவர் குறியீட்டுச் சமமின்மை என்று அழைக்கிறார். களஞ்சியத்தில் பிற்கால ஆய்வேடுகள் பலவற்றில் இந்தக் கருத்து அடித்தளமாக இருக்கிறது. காவல்துறை, ராணுவம், பொறியியல், வங்கி என்று ஒவ்வொரு தொழிலிலும் வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு எங்கள் நிறுவனத்தின் பழைய வேலை விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "உறுதியாக முடிவெடுப்பவர்", "எந்த நேரமும் பயணம் செய்யக்கூடியவர்", "தனித்து இயங்குபவர்". எந்த இடத்திலும் ஆண் என்று போடவில்லை. எங்கள் சட்டப்படி போடவும் முடியாது. ஆனாலும் கிடங்கு மேலாளர் பதவிக்குத் தொடர்ந்து ஆண்கள் மட்டுமே விண்ணப்பித்தார்கள். உள்ளேயே வேலை செய்யும், அந்தக் கிடங்கை உண்மையில் நடத்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விண்ணப்பிக்கவில்லை. ஒருவர் எங்கள் பக்கத்துத் தமிழ்ப் பெண், இன்னொருவர் டர்பனின் உம்லாசிப் பகுதியிலிருந்து வரும் ஜூலு அக்கா. ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அது நம்மள மாதிரி ஆளுங்களுக்கு எழுதினது இல்லையே அக்கா," என்றாள் தமிழ்ப் பெண். அமான்சியு சொன்னதை அவள் படிக்காமலே சொன்னாள்.

இன்னொரு பெரிய விஷயம் போர்ச்சுகல் பெண்களின் உழைப்பு வரலாறு. ஐரோப்பாவின் பல நாடுகளில் பெண்கள் பகுதிநேர வேலைக்கு ஒதுக்கப்பட்டபோது, போர்ச்சுகலில் பெண்கள் பெருமளவில் முழுநேரமாக வேலைக்குப் போனார்கள். காரணம் ஒன்றும் பெருந்தன்மையான கொள்கை அல்ல. 1961 முதல் 1974 வரை அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவு நாடுகளில் போர்ச்சுகலின் சர்வாதிகார ஆட்சி நடத்திய காலனியப் போருக்கு இளைஞர்கள் அனுப்பப்பட்டார்கள். இன்னும் பெரிய கூட்டம் பிரான்சுக்குப் பிழைக்கப் போனது. ஆலைகளிலும் அலுவலகங்களிலும் காலியான இடத்தில் பெண்கள் வந்தார்கள். அதே நாட்டில் 1969 வரை மணமான பெண் கணவன் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. சம்பளம் கொண்டுவருபவள், ஆனால் சட்டத்தின் கண்ணில் கணவனுக்குக் கீழ்ப்பட்டவள். 1974 ஏப்ரலில் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான், 1977 சிவில் சட்டத் திருத்தத்தில், குடும்பத் தலைவன் என்ற அதிகாரம் போனது.

என் அம்மா டர்பனில் ஒரு துணி ஆலையில் தைத்தவர். 1960-களிலும் 70-களிலும் எங்கள் தமிழ்ப் பெண்கள் கூட்டமாக அந்த ஆலைகளுக்குப் போனார்கள். அதற்கு முன்பு வீட்டுப் பெண் வெளியே சம்பளத்துக்குப் போவதைக் குறைவாகப் பேசிய தாத்தாமார்களே, வாடகை கட்ட முடியாத நிலையில் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மா வெள்ளிக்கிழமை சம்பள உறையைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுப்பார். ஆலையில் மேற்பார்வையாளர் எப்போதும் ஆண். வீட்டுக்கு வந்ததும் அடுப்பு. அப்புறம் 1990-களில் இறக்குமதித் துணி வந்து ஆலைகள் மூடப்பட்டபோது முதலில் வெளியே அனுப்பப்பட்டவர்களும் இந்தப் பெண்கள்தான். போர்ச்சுகலின் வடக்கே துணி ஆலைப் பெண்களைப் பற்றிய பக்கங்களைப் படித்தபோது அம்மாவின் வாழ்க்கையை யாரோ உட்கார்ந்து முறையாகக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்றே தோன்றியது. எங்கள் பெண்களிடம் இப்படிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. டர்பனில் முதுகலை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஆயாவிடம் இந்த மாதமே ஒலிப்பதிவுக் கருவியோடு உட்காருங்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

முழுநேர வேலை வீட்டு வேலையைக் குறைத்துவிடவில்லை. 2015-இல் அங்கே எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலி இல்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் ஆண்களைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் அதிகம் செலவிடுவது தெரிந்தது. இதற்கு மருந்தாக அவர்கள் தகப்பன்மாரின் விடுப்பைப் பிடித்திருக்கிறார்கள். 2009-இல் பெற்றோர் விடுப்பைத் திருத்தி, இருவரும் பகிர்ந்துகொண்டால் கூடுதலாக 30 நாள் என்று வைத்தார்கள். தகப்பன் கட்டாயமாக எடுக்க வேண்டிய விடுப்பு படிப்படியாக ஏறி 2023-இல் 28 நாளானது. காரின் வால் (Karin Wall) என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும், தாய் வேலைக்குத் திரும்பிய பிறகு தகப்பன் தனியாகப் பிள்ளையோடு வீட்டில் இருக்கும் அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்று ஆண்களிடமே பேட்டி எடுத்திருக்கிறார்கள். பாலின ஆய்வு என்றால் பெண்களைப் பற்றியது மட்டும்தான் என்று எங்கள் குழுவில் சில ஆண்கள் ஒதுங்கி உட்காருவார்கள். அவர்கள் முன் வைக்க எனக்குக் கிடைத்த மிக நல்ல எழுத்து இது. இங்கே தென்னாப்பிரிக்காவில் 2020 முதல் தகப்பனுக்குப் பத்து நாள்தான் இருந்தது. 2025 அக்டோபரில் அரசமைப்பு நீதிமன்றம் தாயும் தகப்பனும் விடுப்பைப் பகிர்ந்துகொள்ள வழி திறந்தது. நிறுவனங்கள் அதை எப்படி நடைமுறைப்படுத்தப் போகின்றன என்ற பேச்சு எங்கள் கூட்டத்தில் வந்தபோது, போர்ச்சுகலில் மேலாளர்கள் விடுப்பு கேட்ட ஆண்களிடம் என்ன சொன்னார்கள் என்ற பக்கங்களை அச்செடுத்துக் கொடுத்தேன். இரண்டு இளம் தகப்பன்மார் அதை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

பல்கலைக்கழகங்களைப் பற்றிய ஆய்வுகள் தனி அலமாரி. போர்ச்சுகல் இதில் ஒரு விசித்திரமான இடம். ஆராய்ச்சியாளர்களில் பெண்கள் பத்தில் நான்கு பேருக்கு மேல். ஐரோப்பியச் சராசரி மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் நிற்கிறது. முனைவர் பட்டம் பெறுபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆனால் உச்சப் பேராசிரியர் பதவிக்கு வரும்போது அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே விழுகிறது. ஏன் என்று கேட்பவர்கள் பல காரணங்களைப் பிரித்துக் காட்டுகிறார்கள். படித்த இடத்திலேயே ஆசிரியராகி அங்கேயே ஓய்வு பெறும் வழக்கம் அங்கே பலமாக இருக்கிறது. வழிகாட்டியின் ஆதரவு யாருக்கோ அவருக்கே இடம். இளைய ஆராய்ச்சியாளர்கள் நீண்ட காலம் உதவித்தொகையில் வாழ்ந்தார்கள். ஊழியர் என்ற தகுதி இல்லை, வேலை ஒப்பந்தம் இல்லை. 2016-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் முனைவர் பட்டம் முடித்த பலர் ஒப்பந்தத்துக்கு மாறினார்கள். பிள்ளை பெறும் வயதும் நிச்சயமில்லாத வேலைக் காலமும் ஒன்றாக வருகின்றன என்பதை இந்தப் பக்கங்கள் கண்முன் நிறுத்துகின்றன.

இந்த அலமாரியைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. பாலினம் பற்றி எழுதும் நிறுவனங்களும் வேலையிடங்கள்தான். 2023-இல், சமூக ஆய்வு மையம் ஒன்றில் நடந்த பாலியல் தொல்லைகளைப் பற்றி முன்பு அங்கே இருந்த மூன்று பெண்கள் ஓர் ஆங்கிலத் தொகுப்பில் எழுதினார்கள். அவர்கள் பெயர் சொல்லாமல் எழுதியும், அது கொயிம்பிரா நகரில் உள்ள ஒரு பெயர்பெற்ற மையம் என்று நாடு முழுக்கப் பேச்சானது. பதிப்பகம் அந்த நூலை விலக்கிக்கொண்டது. குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். 2024 மார்ச்சில் வெளியான சுதந்திர ஆணையத்தின் அறிக்கை, அங்கே அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கும் தொல்லைக்கும் அறிகுறிகள் இருந்ததாகச் சொன்னது. விடுதலையையும் நீதியையும் பற்றி உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் எழுத்துகள் வெளிவந்த கட்டடம் அது. எனக்கு அந்தச் செய்தி வருத்தம் தந்தது. ஆனால் அதனால் அங்கிருந்து வந்த எல்லாப் பெண்களின் உழைப்பையும் தள்ளிவிட மாட்டேன். வர்ஜீனியா ஃபெரெய்ரா போன்றவர்கள் கொயிம்பிராவிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பெண்களின் வேலையைப் பற்றி எழுதியது இன்றும் பயன் தருகிறது.

இந்தக் களஞ்சியத்தில் நான் தேடிக் கிடைக்காததை இப்போது சொல்ல வேண்டும். அது சேவையின் பிழை அல்ல, அந்த நாட்டின் முடிவு. போர்ச்சுகல் தன் மக்களின் இனத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்பதில்லை. அரசமைப்பின் 35-ஆம் பிரிவு இனத் தோற்றம் பற்றிய தகவலைக் கணினியில் சேர்ப்பதற்குக் கடுமையான கட்டுப்பாடு வைக்கிறது. 2021 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வியைச் சேர்க்கலாம் என்று ஒரு பணிக்குழுவின் பெரும்பான்மை பரிந்துரைத்தது. தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2019-இல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. அதற்குப் பதிலாக 2023-இல் தனி மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்றில் மக்கள் தங்களை எந்தக் குழுவாக உணர்கிறார்கள் என்று கேட்டார்கள். வழக்கமான கணக்குகளில் ஒருவர் எந்த நாட்டவர் என்று தெரியும், குடியேறியவரா என்று தெரியும். லிஸ்பனில் பிறந்து போர்ச்சுகல் குடியுரிமை பெற்ற கேப் வெர்டே வம்சாவளிப் பெண் ஒரு நிறுவனத்தில் எங்கே நிறுத்தப்படுகிறாள் என்பதைச் சொல்லும் வழக்கமான எண் கிடையாது. அலுவலகத்தில் இரவில் தரை துடைப்பவர்களைப் பற்றி மனதை அசைக்கும் பேட்டி ஆய்வுகள் உண்டு. கொன்செய்சாவ் நொகெய்ரா போன்றவர்கள் பாலினத்தோடு மற்ற ஒடுக்குமுறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் நிறுவனங்களைப் பற்றிய ஆய்வேடுகளில் 'பெண்' என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பெண் என்று சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அமான்சியு ஆணைப் பற்றிச் சொன்னது இங்கே வெள்ளைப் பெண்ணுக்கும் பொருந்துகிறது என்பது என் கருத்து.

எங்கள் நிலைமை நேர் எதிர். தென்னாப்பிரிக்காவில் 1998 வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டப்படி நிரப்பும் படிவத்தில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர், வெள்ளையர் என்று பத்திகள். ஒவ்வொன்றிலும் ஆண், பெண். உச்ச நிர்வாகத்திலிருந்து திறன் தேவைப்படாத வேலை வரை வரிசைகள். ஒரு கட்டத்தைக்கூட விட முடியாது. ஆப்பிரிக்கப் பெண்கள் எத்தனை பேர் நடு நிர்வாகத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்வேன். நிறவெறி ஆட்சி செய்த அநியாயத்தைத் திருப்ப இந்த எண்ணிக்கை வேண்டும். அதை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை. 1967-இல் நட்டால் மாகாணத்தில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் எங்கள் டர்பன் தமிழ்ப் பெண் நவநீதம் பிள்ளை. பின்னால் அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையரானார். அந்த 'முதல்' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் தடுக்கப்பட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எண்ணி முடித்ததும் நாங்கள் நிறுத்திவிடுகிறோம். படிவம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஆண்டு முடிந்தது. அந்தக் கட்டத்தில் இருக்கும் பெண் அங்கேயே ஏன் பத்தாண்டு நிற்கிறாள் என்று அவளிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் களஞ்சியத்தின் மிகப் பெரிய பயன் எனக்குக் கிடைத்தது. அது ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில், பின்னிணைப்பில் இருக்கிறது. பேட்டி எடுத்த மாணவர்கள் தங்கள் கேள்விப் பட்டியலை முழுதாக அங்கே வைத்துவிடுகிறார்கள். "உங்கள் துறையில் பதவி உயர்வு எப்படிக் கிடைக்கிறது என்று நினைக்கிறீர்கள்?", "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் வேலையிலிருந்து யார் கிளம்புவது?", "கூட்டம் முடிந்த பிறகு முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன?" என்ற வகைக் கேள்விகள். நல்ல மேற்பார்வையில் சோதித்து எழுதியவை. முதல் அத்தியாயக் கோட்பாட்டை விட்டுவிட்டு நேரே இந்தப் பக்கத்துக்குப் போனாலும் தவறில்லை.

இப்படிப் பல ஆய்வேடுகளிலிருந்து பொறுக்கி எங்கள் குழு ஒரு பட்டியல் செய்தது. அவர்கள் கேட்காததை நாங்கள் சேர்த்தோம்: இனத்தை, மொழியை, எந்தப் பகுதியிலிருந்து வருகிறீர்கள், காலையில் எத்தனை டாக்சி (இங்கே பலர் சேர்ந்து போகும் சிற்றுந்து) மாறி வருகிறீர்கள் என்பதை. ஜூலுவில் கேட்கும் பொறுப்பைத் தொழிற்சங்கப் பிரதிநிதியான அந்த உம்லாசி அக்கா எடுத்துக்கொண்டார். நான் ஆங்கிலத்திலும், வயதான ஒன்றிரண்டு பேரிடம் தமிழ் கலந்தும் கேட்டேன். பெயர் எழுதவில்லை, மேலாளர் பக்கத்தில் இருக்கவில்லை. எல்லாரும் பேசினார்கள். சிஃப்ட் முடிவு நேரம் கடைசி டாக்சிக்குப் பிறகு வைக்கப்பட்டிருப்பதால் மேற்பார்வையாளர் பதவியே வேண்டாம் என்று ஒதுங்கிய பெண்கள் பலர் என்பது எங்கள் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் தெரிந்திருக்காது. நிர்வாகம் அந்த நேரத்தை மாற்ற இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நாங்களும் விடவில்லை.

யாருக்கு இந்தச் சேவை பயன்படும்? சமத்துவக் குழுவில் இருப்பவர்களுக்கு, தொழிற்சங்கக்காரர்களுக்கு, முதுகலை மாணவர்களுக்கு. மொரீஷியசிலும் ரீயூனியனிலும் இருக்கும் தமிழர்களுக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் போர்த்துக்கீசியம் எங்களைவிட எளிதாக வசப்படும். வேகமாக ஒரு சட்ட விவரம் வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தொடங்குபவர்களுக்கு என் யோசனை: முதலில் 'எக்ஸ் ஏக்வோ' இதழைப் பாருங்கள். 1991-இல் தோன்றிய போர்ச்சுகல் பெண்ணாய்வுச் சங்கம் 1999 முதல் நடத்துவது. இணையத்தில் திறந்தே இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளும் வரும். அதன் ஆசிரியர் பெயர்களை வைத்துக்கொண்டு களஞ்சியத்தில் தேடினால் யார் யாருக்கு வழிகாட்டி, யார் யாரிடம் படித்தார் என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். லிஸ்பன் பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய பாலின ஆய்வு மையத்தின் வெளியீடுகளும் நல்ல படிக்கட்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகள் பல நூறு பக்கம் போகும். முதுகலை ஆய்வேட்டிலிருந்து ஆரம்பியுங்கள். கைப்பேசியில் படிப்பதானால் இலவச வைஃபை உள்ள இடத்தில் கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் டேட்டா விலைக்கு அதுதான் நல்லது.

உரிமம் ஒவ்வொரு கோப்புக்கும் வேறுபடும். சிலவற்றைப் பகிரலாம், மாற்றலாம். சிலவற்றைப் படிக்க மட்டும்தான் அனுமதி. கேள்விப் பட்டியலை அப்படியே எடுப்பதானால் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள். என் அக்கா மகள் இப்போது முதுகலையில் மருத்துவமனைத் துப்புரவுப் பெண்களைப் பற்றி எழுதுகிறாள். "சின்னம்மா, அவங்க ஒரு கேள்விய எனக்காகத் திருத்தியே அனுப்பியிருக்காங்க" என்று போர்ச்சுகலிலிருந்து வந்த பதிலைக் காட்டினாள். தன் ஆய்வேட்டை முடித்ததும் கேள்விகளையும் பின்னிணைப்பில் முழுதாக வைக்கப் போகிறாள். அடுத்து அவளும் நானும் சேர்ந்து சம ஊதியம் பற்றிய ஆய்வேடுகளைப் படிக்கத் தொடங்கியிருக்கிறோம். 2018 சட்டத்துக்குப் பிறகு வந்தவற்றை மட்டும் சல்லடையில் தேர்ந்து வைத்திருக்கிறோம்.